உள்ளளவு

பத்தாம் வகுப்பு படிக்கும்போது நான் திடுதிப்பென்று வளர்ந்தேன். அதற்கப்புறம் அத்தை வீட்டுக்குள் தலை இடிக்காமல் ஒருமுறைகூடப் போனதில்லை. ஐந்தடி உயரத்துக்குத்தான் நிலை வைத்திருந்தார்கள், அதுவும் வைரம் பாய்ந்த வேம்பு. நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்: "குனிஞ்சி வா மருமவனே, ஊடு உனக்கு மூத்தது." இடித்த பிறகுதான் சொல்லும். ஒரு நாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

போன பங்குனியில் ஒரு விடிகாலை, அந்த நிலையைக் குனியாமல் கடந்து உள்ளே போனேன். இடிக்கவில்லை. கனவென்று அங்கேயே பிடிபட்டிருக்க வேண்டும், படவில்லை.

அத்தை இறந்தது 2019 மாசியில். வீடு அடுத்த வருஷமே கைமாறி, இடிபட்டு, இப்போது அங்கே ஷீட் போட்ட குடோன் ஒன்று நிற்கிறது. வாங்கியவர் புளி வியாபாரி. ஆகவே அந்த இடத்தில் இன்றைக்கும் புளி இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது வாசனை வரும், வண்டியை நிறுத்தமாட்டேன்.

காவேரிப்பட்டணத்தை ஒட்டி, தென்பெண்ணைக்கு நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஊர் அது. அத்தை என் அப்பாவுக்கு மூத்தது. வயதைக் கேட்டால், "டேம் தெறக்கறப்ப நான் ஆடு ஓட்டற புள்ள" என்று சொல்லும். கிருஷ்ணகிரி அணை திறந்தது 1957. மீதியை நாங்களே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். சேலம் மாவட்டத்தில் பிறந்து, 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமான கையோடு இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, 2004-ல் திண்ணையைவிட்டு எழுந்திருக்காமலே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரியானது அத்தை. மூன்றையும் அது கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அதற்குக் கிருஷ்ணகிரி என்றால் மாங்காய் மண்டி. தர்மபுரி என்றால் நாங்கள். சேலம் என்றால் பெரியாஸ்பத்திரி, அதாவது மாமா போய்த் திரும்பி வராத இடம்.

மாமா போனது 1988-ல். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம் அத்தை புளி உடைத்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தை பிறந்தால் புளி உலுக்க ஆரம்பிப்பார்கள். வியாபாரி வீட்டுக்கு வீடு மூட்டை இறக்கிவிட்டுப் போவார். ஓட்டைத் தட்டி எடுத்து, நாரை உரித்து, ஒரு கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்பால் ஒரே தட்டுத் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். பலமாகத் தட்டினால் கொட்டை உடையும், மெதுவாகத் தட்டினால் வெளியே வராது. கூலி கிலோ கணக்கு. கொட்டைக்கும் விலை உண்டு என்பதால் அதையும் வியாபாரிக்கே எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஓடு மட்டும் நமக்கு, அடுப்புக்கு. சித்திரை வரைக்கும் அத்தையின் விரல் நுனியெல்லாம் கறுத்து, நகக்கண் வெடித்திருக்கும். அந்தக் கையாலேயே களி கிண்டி உருட்டிப் போடும். களியில் லேசாகப் புளிப்பு இருக்கிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அது நாக்கின் ஞாபகமா, நான் பிறகு சேர்த்துக்கொண்டதா, சொல்லத் தெரியவில்லை.

நான் போனால் வியாபாரியின் கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டியில் வறுக்கும். "இது எடையில தெரியாது" என்று கண்ணடிக்கும். அத்தை செய்த ஒரே களவு அதுதான் என்று நினைக்கிறேன். தோல் கருகி வெடித்ததும் ஊதி ஊதி என் உள்ளங்கையில் கொட்டும். ஒரு கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டால் காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கரையாமல் வரும்.

கனவுக்கு வருகிறேன்.

திண்ணையில் கோணி விரித்துப் புளி காய்ந்துகொண்டிருந்தது. வெயில் இல்லை, ஆனாலும் தொட்டுப் பார்த்தால் சூடு. கூடத்தில் குதிர், அதன் மேல் கவிழ்த்த முறம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சுவரில் அந்தப் பழைய கரண்ட் மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு தட்டு சுற்றும், அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். அத்தை வீட்டில் மொத்தம் ஒரே ஒரு குண்டு பல்பு. சின்ன வயதில் முக்காலி போட்டு ஏறி அந்தச் சிவப்புக் கோடு வரட்டும் என்று காத்திருப்பேன். வரவே வராது. கனவில் அந்தத் தட்டு விசிறி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டிலோ ஒரு விளக்கும் எரியவில்லை. இவ்வளவு கரண்டும் எங்கே போகிறது என்று எனக்கு நிஜமாகவே கவலை வந்தது. யார் பில் கட்டுவது?

அத்தை இல்லை. இல்லாதது உறுத்தவும் இல்லை, ஆட்டைப் பிடித்துக் கட்டப் போயிருக்கிற மாதிரி. அது வருவதற்குள் இருட்டறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

இருட்டறை என்பது சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. ஜன்னல் கிடையாது. எப்போதும் பூட்டியிருக்கும், சாவி அத்தையின் சுருக்குப் பையில். அதற்குள் எங்களில் யாரும் போனதில்லை. உறவுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசாத கல்யாணம் இல்லை. நகை என்பார்கள், மாமாவின் எல்.ஐ.சி. பணம் என்பார்கள். அத்தைக்குக் காது கேட்கும்படியே பேசுவார்கள். அது வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் அந்தப் பூட்டைத் திறந்தோம். அத்தையைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இலை எடுத்த ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே ஒரு அண்டா, எலி கடித்த கூறைப்புடவை, நாலு காலிச் சாக்கு. அவ்வளவுதான். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அண்டாவைக் கவிழ்த்தே பார்த்தார்.

பிறகுதான் சுவர் கண்ணில் பட்டது. இடுப்பு உயரத்திலிருந்து கை எட்டுகிற உயரம் வரைக்கும் கரிக்கோடு. நாலு கோடு நிற்க, ஐந்தாவது அவற்றின் குறுக்கே. ஒரு கட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு கட்டு, வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. மூன்று சுவரிலும். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "பால் கணக்கா இருக்கும்" என்றார் ஒருவர். "மூட்டைக் கணக்கு" என்றார் இன்னொருவர். பேச்சு அண்டாவின் எடைக்குத் திரும்பிவிட்டது. சாயங்காலத்துக்குள் பாத்திரங்கள் நாலு குவியல் ஆயின.

என் கையில் போன் இருந்தது. நான் வீட்டுக்குப் பிளான் போடுகிறவன், தர்மபுரியில் சின்னதாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். மரத்துக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். வேங்கைத் தூலத்தை, வாரைகளை, நிலையை, கதவைப் படம் பிடித்தேன். நாற்பத்து மூன்று படம். சுவரை ஒரு படம் எடுக்கவில்லை. தூலத்துக்கு எடுத்த ஒன்றின் கீழ் ஓரத்தில் நாலு கோடு வந்திருக்கிறது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் பிரிந்துபோகிறது. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

ஆகவே கனவில் இருட்டறைக்குள் நான் எதற்குப் போனேன் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பூட்டு தொங்கியது, திறந்திருந்தது. உள்ளே மூன்று சுவரும் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தன. ஈரம். கையை வைத்தேன், உள்ளங்கை வெள்ளையாக வந்தது. கோபம் வந்தது பாருங்கள், விழித்திருக்கும்போது எனக்கு அப்படிக் கோபம் வந்து பல வருஷம் ஆகிறது. யார் அடித்தது, யாரைக் கேட்டு அடித்தீர்கள் என்று கத்தினேன். சத்தம் வரவில்லை.

அந்தச் சுவரில் ஒரு கதவு. நிஜத்தில் அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை. கனவில் கதவுக்கு அப்பால் அரசுப் பள்ளி வராந்தா மாதிரி நீளமாக ஒரு வழி, ஒரு பக்கம் வரிசையாக ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், அடிக்கட்டை அளவுக்கு, அலையில்லாமல். டேம் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை, கனவில் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு அறையில் பாத்திரங்கள் நாலு குவியலாக, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. எழுத்து என்னுடையது, பிளானில் போடும் அச்செழுத்து. வேகமாகக் கடந்துவிட்டேன்.

கடைசி அறை கல்லால் ஆனது. நாலு பக்கமும் ஒற்றைப் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். எதிர்க்கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை, தலை போகாது, கை போகும். அதன் வழியாக வெளிச்சம் வந்தது. கல் முழுக்க அத்தையின் கோடுகள். இங்கே அவை வெள்ளையாக இருந்தன. எண்ண ஆரம்பித்தேன். ஒரு வரிசை முடித்துத் திரும்பினால் அதே வரிசையில் வேறு எண்ணிக்கை வந்தது. நானூறு வரைக்கும் போன ஞாபகம். அப்போது ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்தது. விரல் நுனி கறுத்த கை. விரித்தது. வறுத்த புளியங்கொட்டை, ஒரு பிடி.

விழித்தபோது மணி நாலே கால். வெளியே பேப்பர்காரப் பையன்களின் வண்டிச் சத்தம்.

தொழில் புத்தி போகாது. ஆறு மணிக்கெல்லாம் பேப்பரை விரித்து அத்தை வீட்டை வரைய உட்கார்ந்துவிட்டேன். முதலில் நிஜ வீட்டை. விற்கும்போது அளந்தது நினைவில் இருந்தது: வெளியளவு 20 அடிக்கு 32. மண்சுவர், ஒன்றரை அடி கனம். முன்னால் திண்ணை 5, கூடம் 12, பின்கட்டு பத்தரை, குறுக்குச் சுவர் மூன்றும் சேர்த்து நாலரை. 32-க்குச் சரியாக வந்துவிட்டது. பின்கட்டில் சமையல்கட்டு 9 அடி அகலம், நடுவில் ஓரடித் தடுப்பு, இருட்டறை 7 அடி.

ஏழு என்று எழுதியதும் பென்சில் நின்றது. எங்களிடம் பிளானுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் காலண்டரின் பின்பக்கத்தில் அச்சடித்த மனையடிப் பலனோடுதான் வருவார்கள். ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டு நல்லது என்று அடிக்கு அடி பலன் போட்டிருக்கும். அதில் கணக்கு உள்ளளவுக்குத்தான், சுவரின் கனம் சேராது. ஏழு வந்தால் எப்படியாவது தடுப்பை அரையடி நகர்த்திக் கொடுத்துவிடுவோம். நானும் நகர்த்தியிருக்கிறேன், நம்பிக்கை இருந்தல்ல, வாதாட நேரம் இல்லாததால். அத்தை வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு அந்த அவகாசமும் இருந்திருக்காது.

பிறகு கனவில் நடந்ததை அதன் பின்னால் சேர்த்தேன். வராந்தா மட்டும் அறுபதடி வந்தது. மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகைக்கு அப்பால் பதினாலு அடியில் பக்கத்து வீட்டுக்காரர் கிணறு. வராந்தா கிணற்றை நடுவில் பிளந்துகொண்டு போனது.

இதையெல்லாம் ஏன் மூளை செய்கிறது என்று அன்றைக்கு நிறையப் படித்தேன். கனவு அதிகமாக வருகிற, மூடிய இமைக்குள் கண் உருளும் தூக்கத்தைப் பற்றி அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் சிகாகோவிலிருந்து எழுதியது 1953-ல். அதைவிட என்னைப் பிடித்தது எலிகளின் கதை. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி. அதில் எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் துடிக்கிற செல்கள் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971-ல் காட்டினார். அந்த மூலைக்கு ஒரு செல், இந்த மூலைக்கு ஒரு செல். 2014-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1994-ல் வில்சன், மெக்நாட்டன் என்ற இருவர் கண்டது இன்னும் விசேஷம்: விழித்திருக்கும்போது சேர்ந்து துடித்த செல்கள், எலி தூங்கும்போதும் சேர்ந்து துடிக்கின்றன. எலியும் தூக்கத்தில் போய்வந்த இடத்துக்கே திரும்பப் போகிறது. அப்படிப் பார்த்தால் என் தலைக்குள் அத்தையின் திண்ணைக்கு ஒரு செல், குதிருக்கு ஒரு செல் இருக்கத்தான் வேண்டும். ஜேசிபி அதைத் தொடவில்லை. ஐந்தடி நிலைக்கு மட்டும் செல் எங்கே போனது? அதற்கு என் நெற்றியைத்தான் கேட்க வேண்டும்.

கல் அறைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அதற்கு இரண்டு மாசம் முன்னால் ஒரு நண்பரோடு மல்லச்சந்திரம் போயிருந்தேன். பாறை மேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கிற இடம். இறந்தவர்களுக்காக இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் எழுப்பியவை. பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றியிருப்பார்கள், ஒரு கல்லில் வட்டமாகத் துளை இருக்கும். எங்கள் மாவட்டங்களில் ஜனங்கள் இவற்றைக் கல்லறை என்று சொல்வதில்லை. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். வீடுதான். இந்த மாதிரிக் கல்லறைகள் பலவற்றில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் இல்லை, கம்பி இல்லை. நான் அங்கே நின்று அந்த மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் பொறுமை இழந்து போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். கோடு வெள்ளையானதற்கும் காரணம் சொல்லலாம்: மல்லப்பாடியில் தொடங்கி கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் வெள்ளையில் தீட்டிய பழைய ஓவியங்கள் எத்தனையோ உண்டு, பார்த்தவன் நான்.

இப்படி எல்லாவற்றுக்கும் ரசீது கிடைத்துவிட்டது. கைக்கு மட்டும் இல்லை.

அம்மாவிடம் பத்து மணிக்குச் சொன்னேன், கொஞ்சம் மட்டும். செத்தவர்கள் வீட்டுக்குக் கனவில் போய்வந்தால் எங்கள் வீட்டில் விசாரணை உண்டு. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணி பேசுனாங்களா?"

"இல்லம்மா. ஆளையே பாக்கல."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"ஏதாச்சும் குடுத்தாங்களா? வாங்குனியா?"

"இல்லம்மா."

அதற்கப்புறம்தான் முகம் தெளிந்தது. "வர்ற அமாவாசைக்குப் படைச்சிடலாம் கண்ணு" என்றாள். "அண்ணிக்கு நிப்பட்டுன்னா உசுரு." பிறகு என் பிளானை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். அடுப்பு தப்பான மூலையில் இருக்கிறதாம். ஆட்டாங்கல்லை விட்டுவிட்டேனாம். கொட்டகைக்குப் போகும் கதவு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமாம். முப்பது வருஷம் போய்வந்த வீட்டில் கதவை மாற்றி வைத்திருக்கிறேன்.

அந்தக் கரிக்கோட்டைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அம்மா உடனே சொல்லவில்லை.

"அமாவாசைக்கு ஒண்ணு போடும்னு நெனைக்கறேன். உங்க மாமா போனதுல இருந்து. எருமைக் கணக்குன்னும் ஒருக்கா சொல்லுச்சு." கண்ணாடியைக் கழற்றினாள். "நான் கேட்டதில்ல. அது பூட்டி வச்சத எப்படிக் கேக்கறது?"

1988-லிருந்து 2019 வரைக்கும் முப்பத்தோரு வருஷம். வருஷத்துக்குப் பன்னிரண்டு, சில வருஷம் பதின்மூன்று. சுமார் 383 அமாவாசை வருகிறது. மூன்று சுவரிலும் இருந்தது அவ்வளவுதானா, கூடவா, குறையவா? நாலு குவியலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். பித்தளைக் குடம் ஒன்று, இரண்டு தாம்பாளம், ஒரு குத்துவிளக்கு. குடம் என் ஆபீஸில் குடை போடப் பயன்படுகிறது.

அம்மாவிடம் சொன்னது பொய். கையைக் கண்டதும் என் கை தானாகவே நீண்டுவிட்டது. கொட்டை சூடாக இருந்தது, ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கியும் விட்டேன். விழித்தபோது தாடை வலித்தது. நாள் முழுக்க வலித்தது.

பிளானை அம்மா சொன்னபடி திருத்தினேன். அடுப்பை மாற்றி, ஆட்டாங்கல்லைப் போட்டு, கொட்டகைக் கதவை அந்தப் பக்கம் வைத்தேன். வராந்தாவையும் பாத்திர அறையையும் அழித்துவிட்டேன். கடைசி அறையை அழிக்கவில்லை. கொட்டகையை ஒட்டி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு இந்தப் பக்கம், புள்ளிக்கோட்டில் போட்டேன். நாலு கல், துளை கிழக்கே பார்த்து. உள்ளளவு 7 அடிக்கு 7. வந்தவர்கள் ஒருத்தருக்கும் இதுவரை நான் போட்டுக் கொடுக்காத அளவு.